குளக்கரையில் பூ வரைய எந்த வர்ணம் வாங்குவது?

இந்த வருடத்துக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். முள்ளியவளையில் இருக்கும் ஒரு அக்கா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி முற்றத்துச் செவ்வரத்தையையும் கடதாசிப்பூவையும் வரைந்து பார்க்கப்போகிறேன், எதை வாங்கட்டும் என்றார். துணுக்காய்ப் பக்கம் சித்திரம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவருக்கு, பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தாமரையை நேரில் பார்த்து வரையவைக்க ஆசை, ஆனால் முப்பது பிள்ளைக்கு எந்த வர்ணம் கட்டுப்படியாகும் என்று யோசனை. வவுனியாவில் படிக்கும் ஒரு தம்பிக்குப் பூத்து நிற்கும் கொன்றை மரம் ஒன்றைப் பெரிதாக வரைந்து விற்க வேண்டும், அக்ரிலிக்கா எண்ணெய் வர்ணமா என்பதில் மாதக்கணக்காக இழுபடுகிறார்.

கடைக்காரரைக் கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார், இணையத்தில் பார்த்தால் குளிர் நாட்டில் யன்னலோரம் இருந்து வரைகிறவர்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்வது அவர்களுடைய காற்றுக்குச் சரி. இங்கே சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி எழும்பும், மாரியில் அலுமாரிக்குள் இருக்கும் சட்டையே பூஞ்சணம் பிடிக்கும், தகரக்கூரைக்குக் கீழே மதியத்தில் கை வைத்த பொருளெல்லாம் சுடும். அதற்குள்தான் நாங்கள் வரைகிறோம், வரைந்ததை வைத்திருக்கிறோம். ஆகவே எனக்குத் தெரிந்த அளவில், வன்னியில் நின்று பூ வரைகிறவருக்கு எது பொருந்தும் என்று எழுதுகிறேன்.

## முதலில் எவற்றைப் பார்க்க வேண்டும்

முதலாவது, பூ எவ்வளவு நேரம் உங்களுக்காக நிற்கும் என்பது. தாமரை விடிய மலர்ந்து மதியத்துக்குள் கூம்பத் தொடங்கும். வெள்ளை ஆம்பல் இரவில் விரிந்து, வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக, நடுவில் கடுஞ்சிவப்புப் பொட்டோடு இருக்கும், பொழுது சாயும்போது இளஞ்சிவப்பாக மாறி வாடும். கார்த்திகைப்பூவோ நாளுக்கு நாள் நிறம் மாறும், பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சளாகி முழுச்சிவப்பில் முடியும். ஆக, குளக்கரையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று மணித்தியாலம்தான். அதற்குள் முடிக்கக்கூடிய வர்ணமா, அல்லது குறிப்பு எடுத்துவந்து வீட்டில் முடிக்க வேண்டிய வர்ணமா?

இரண்டாவது, அந்தப் பூ பூக்கும் காலத்தில் அடிக்கும் காற்று. இதை ஆரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொன்றை சித்திரை, வைகாசி வெயிலில் பூக்கும், கார்த்திகைப்பூ மழைக்குள் பூக்கும், முள்முருக்கு தைக்குப் பிறகு இலை உதிர்ந்து வெறுங்கிளையில் சிவப்பாக நிற்கும். ஒரே வர்ணம் இந்த மூன்று காற்றிலும் ஒரே மாதிரிக் காயாது.

மூன்றாவது, பூவின் நிறத்துக்கும் அதற்குப் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவு. கருமையான தண்ணீரில் வெளிர்ந்த பூவா, நீலவானத்தில் மஞ்சள் பூவா? மேலே பூசினால் அடியில் உள்ளதை மறைக்கும் வர்ணம் வேண்டுமா, அடி தெரியும் வர்ணம் வேண்டுமா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

நான்காவது, வரைந்தது எத்தனை வருடம் அப்படியே இருக்கும் என்பது. வெளிச்சத்தில் மங்குவது, பூஞ்சணம், கறையான் எல்லாம் இதற்குள் வரும். போர் முடிந்த 2009க்கு முன் நான் வரைந்த ஒரு தாள்கூட இன்று என்னிடம் இல்லை. என் தலைமுறையில் இங்கே வரைந்த பலருக்கும் அப்படித்தான். அதனால், ஒரு படம் எவ்வளவு இலகுவாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது, ஒரு றங்குப்பெட்டிக்குள் எத்தனை அடங்கும் என்பதையும் நான் கணக்கில் எடுப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் விட்டுவிடலாம்.

கடைசியாகக் காசு. வர்ணக் குழாயின் விலை சின்னப் பங்குதான். கடதாசி, தூரிகை, சட்டம், கண்ணாடி, பாதியில் ஒரு நிறம் முடிந்தால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய்வரும் பஸ் காசு எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை.

## நீர்வர்ணம்

இதைப் பற்றிக் கனக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

நிறப்பொடியை வேல இன மரமொன்றின் பிசினில் குழைத்தால் அது நீர்வர்ணம். கடதாசியின் வெண்மைதான் இதில் வெளிச்சம். மேலே பூசும் நிறம் ஒரு மெல்லிய கண்ணாடி போல, அடி தெரியும். ஆகவே வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவைக்க வேண்டும், பிறகு நீர்வர்ணத்தால் வெள்ளை பூச வழியில்லை.

கார்த்திகைப்பூவுக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணம் எனக்குத் தெரியாது. ஆறு இதழும் நெளிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று கோடு போட முடியாது. ஒரு இதழின் வடிவத்தை வெறுந்தண்ணீரால் நனைத்து, அடியில் மஞ்சளை விட்டு, ஈரம் இருக்கும்போதே நுனியில் சிவப்பைத் தொட்டு வைத்தால் இரண்டும் தாங்களாகவே நடுவில் சந்தித்துச் செம்மஞ்சளாகும். நீங்கள் கை வைக்காமல் இருந்தாலே போதும். அந்தப் பூ மழைக்காலத்தில் பூப்பது இன்னும் உதவி, காற்றில் ஈரம் இருப்பதால் கடதாசி ஐந்து, ஆறு நிமிடம் நனைந்தபடி நிற்கும். அந்தப் பூ எங்களுக்கு என்னவெல்லாம் என்பது இங்கே எவருக்கும் சொல்லத் தேவையில்லை, அதனால்தான் அதை அவசரத்தில் கீறி வைக்காமல் இப்படிப் பொறுமையாக வரையச் சொல்கிறேன்.

அதே நீர்வர்ணத்தோடு சித்திரை மாதம் பதினொரு மணிக்குக் கொன்றைக்குக் கீழே இருந்து பாருங்கள். தூரிகையை எடுத்து அடுத்த நிறத்தில் தோய்ப்பதற்குள் முதல் பூச்சு காய்ந்து ஓரம் கட்டிவிடும். அதோடு மஞ்சள் பூவுக்குப் பின்னால் நீலவானம். முதலில் நீலத்தைப் பூசி அதற்கு மேல் மஞ்சளை வைத்தால் பச்சைதான் வரும். ஒவ்வொரு பூவையும் விட்டுவிட்டு வானத்தைப் பூச வேண்டும், சரம் சரமாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான பூவை அப்படி விட்டுப் பூசுவது எவ்வளவு பாடு என்று ஒருமுறை செய்தால் தெரியும். மறைத்து வைக்கும் ரப்பர்ப் பால் திரவம் கிடைக்கிறதுதான், ஆனால் அதை வெயிலில் காயவிட்டால் கடதாசியோடு ஒட்டிப்பிடித்து, உரிக்கும்போது கடதாசியின் தோலையும் கொண்டு வந்துவிடும். சின்னச் சின்ன இடங்களுக்கு ஒரு வெள்ளை மெழுகுதிரியால் தேய்த்துவிடுவது மலிவான வழி, ஆனால் மெழுகு பிறகு போகாது, அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும்.

இதற்குள் ஒளிந்திருக்கும் செலவு கடதாசி. கடதாசியின் கனத்தை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம்) என்று போட்டிருப்பார்கள், 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த கடதாசி ஈரம் பட்டதும் நெளிந்து, வர்ணம் பள்ளத்தில் தேங்கும். 300 ஜிஎஸ்எம் வாங்குங்கள், முடிந்தால் பருத்தி சேர்ந்தது. மலிவான வர்ணமும் நல்ல கடதாசியும் இருந்தால் படம் தேறும், மறுபக்கமாக நல்ல வர்ணத்தை மோசமான கடதாசியில் பூசினால் தேறாது, இதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கடதாசியில் தடவியிருக்கும் பசை மாரி ஈரத்தில் கெட்டுப்போனால் வர்ணம் ஒற்றுக்கடதாசியில் மை போல உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகும். வாங்கியதைக் காற்றுப் புகாத பிஸ்கட் தகரத்துக்குள் வையுங்கள். வர்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடினால் வில்லையின் மேல் பூஞ்சணம் வரும், தேன் சேர்த்த வகையாக இருந்தால் எறும்பும் வரும். முடிந்த படத்தைச் சுவரில் மாட்டக் கண்ணாடி வேண்டும், சட்டமும் கண்ணாடியும் சேர்ந்தால் வர்ணப்பெட்டியின் விலையைத் தாண்டும்.

நன்மை என்னவென்றால், எல்லாமே ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கும். சைக்கிளில் இரணைமடுக் கட்டுக்கோ வவுனிக்குளத்துக்கோ விடிய ஆறரைக்குப் போய் ஒன்பது மணிக்குள் இரண்டு படத்தோடு வீடு வரலாம். நூறு படம் நாலு விரற்கடை உயரம்கூட வராது, கோப்பு ஒன்றுக்குள் போட்டு எங்கேயும் கொண்டுபோகலாம்.

பூவின் உறுப்புகளைத் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்றாலும் இதுதான். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 19ஆம் நூற்றாண்டில் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்களக் கலைஞர் நாற்பது வருடத்துக்குக் கிட்ட இலங்கைச் செடிகொடிகளை நீர்வர்ணத்தில் வரைந்தார், அவருடைய பிள்ளைகளும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். செடியைப் பார்த்து இனம் பிரிக்கும் அளவுக்கு அந்தப் படங்கள் நுட்பமானவை.

## போஸ்டர் கலரும் குவாஷும்

இரண்டும் ஒரே குடும்பம். தண்ணீரில் கரையும், ஆனால் அடியை மறைக்கும். போஸ்டர் கலர் போத்தலில் வருவது, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாவித்தது. குவாஷ் குழாயில் வருவது, நிறப்பொடி கூட, விலையும் கூட.

கொன்றைக்கு இது வழிவிடும். வானத்தை முதலில் நிம்மதியாகப் பூசிக் காயவிட்டு, மேலே மஞ்சளை வைக்கலாம். ஆனால் மஞ்சள் எந்த வர்ணத்திலும் மறைக்கும் சக்தி குறைந்த நிறம். பூ வரும் இடங்களில் முதலில் வெள்ளையைத் தட்டி, அது காய்ந்த பிறகு மஞ்சளை வைத்துப் பாருங்கள், பூ எரியும். இந்த ஒரு விசயம் தெரியாமல்தான் பலருடைய கொன்றை சேற்று மஞ்சளாகப் போகிறது.

குளத்துத் தாமரைக்கும் நல்லது. தண்ணீரின் கருமையைப் பூசிவிட்டு இலை, பிறகு பூ என்று பின்னாலிருந்து முன்னுக்கு வரலாம். பிழைத்தால் மேலே பூசலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் மிக முக்கியம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. காயும்போது நிறம் மாறும், வெளிர் நிறங்கள் கொஞ்சம் கருக்கும், கடும் நிறங்கள் கொஞ்சம் வெளிறும், ஆகவே ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் தொட்டுக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் வைக்க வேண்டும். தடிப்பாக அப்பினால் காய்ந்து வெடிக்கும், கடதாசியை மடக்கினால் உதிரும். அதைவிடப் பெரிய குறை, மலிவான போஸ்டர் கலரில் உள்ள பளீர் ரோஸும் ஊதாவும் வெளிச்சத்தில் நிற்காது. வகுப்பறைச் சுவரில் ஒட்டிய படம் ஒரு வருடத்துக்குள் வெளிறிப்போவதை எல்லா ரீச்சர்மாரும் பார்த்திருப்பார்கள்.

## அக்ரிலிக்

அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் பசையில் குழைத்த நிறப்பொடி. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும், காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. கலைஞர்கள் கைக்கு வந்தது 1950களில்தான், ஆகவே மற்றவற்றோடு பார்க்கும்போது இளம் வர்ணம்.

வெயில் காலத்துப் பூக்களுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். முள்முருக்கை எடுங்கள். கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுகிற அதே மரம், கொப்பில் இலை இல்லாமல் சிவப்பு மட்டும், பின்னால் வெளுத்த வானம், கீழே காய்ந்த புல். ஓரங்கள் கூர்மையான, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காத காட்சி அது. அக்ரிலிக் சடுதியாகக் காய்வதே அங்கே உதவி, பத்து நிமிடத்தில் ஐந்து அடுக்கு வைக்கலாம். கொன்றைக்கும் அப்படியே, வெள்ளை, அதன் மேல் மஞ்சள், அதன் மேல் நிழலுக்குக் கொஞ்சம் செம்மண் நிறம் என்று அடுக்கலாம், அடியில் உள்ளது கரைந்து மேலே வராது.

ஆனால் அந்த வேகமே உங்களைத் தண்டிக்கவும் செய்யும். மதிய வெயிலில் தட்டில் வைத்த வர்ணம் சில நிமிடத்தில் தோல் கட்டும், தூரிகையைக் கழுவ மறந்து ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தால் அந்தத் தூரிகை முடிந்தது. நான் ஒரு தட்டையான சாப்பாட்டுப் பெட்டியில் நனைத்த துணியை விரித்து, அதன் மேல் கேக் போறணைக்குள் விரிக்கும் கடதாசியைப் போட்டு, அதில் வர்ணத்தை வைக்கிறேன். மூடி வைத்தால் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும். தாமரை இதழின் ரோஸ் மெல்ல மெல்ல வெள்ளையாகிறதே, அந்த மாற்றத்தை அக்ரிலிக்கில் கொண்டுவருவது கடினம், இரண்டு நிறத்தையும் ஈரத்தோடு சேர்க்க நேரம் தராது. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒன்று விற்கிறார்கள், அதுவும் ஒரு செலவு.

காய்ந்த படம் தண்ணீருக்குப் பயப்படாது, கண்ணாடி தேவையில்லை, அதனால் சட்டச் செலவு குறையும். ஆனால் தகரக்கூரை வீட்டில் இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கி வைக்காதீர்கள், சூட்டில் அக்ரிலிக் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு நல்ல படங்களை அப்படி இழந்த பிறகுதான் எனக்கு இது தெரியும். இடையில் ஒரு ஒயில் பேப்பர் போதும்.

கன்வஸ் விலையென்றால் கனதியான பிளைவூட் துண்டில் இரண்டு பக்கமும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசிப் பாவிக்கலாம். சுவருக்குப் பூசும் வெள்ளை இமல்ஷனைப் பலர் அதற்குப் பதிலாகப் பூசுகிறார்கள், பயிற்சிப் படத்துக்கு ஓம், காசுக்குக் கொடுக்கும் படத்துக்கு வேண்டாம். பலகையைச் சுவரோடு நிலத்தில் சாத்தி வைத்தால் கறையான் ஏறும்.

ஒரு வேண்டுகோள். தூரிகை கழுவிய தண்ணீரைக் குளத்தில் ஊற்ற வேண்டாம். அக்ரிலிக் என்றால் அது பிளாஸ்டிக், சில சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. அந்தக் குளத்தில்தான் சனம் குளிக்கிறது, மீன் பிடிக்கிறது, வயலுக்குத் தண்ணீர் போகிறது. ஒரு போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

## எண்ணெய் வர்ணம்

பூவைப் பெரிய அளவில் வரைந்தவர்களில் பலர் இதில்தான் வரைந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் வீட்டுக் குளத்து அல்லிகளை மட்டும் ஏறக்குறைய 250 எண்ணெய்ப் படங்களாக வரைந்தார். வெளிச்சம் மாற மாற வேறு கன்வஸை எடுத்து வைத்து வரைவது அவருடைய பழக்கம். இலங்கைக்கே வந்து எண்ணெயில் வரைந்தவர் மரியான் நோர்த் என்ற ஆங்கிலேயப் பெண் ஓவியர், 1870களின் நடுப்பகுதியில் பேராதனையையும் களுத்துறையையும் சுற்றி இங்குள்ள செடிகளை அவை நிற்கும் இடத்தோடு சேர்த்து வரைந்தார். இலண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய காட்சிக்கூடத்தில் 800க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. டி அல்விஸ் வெள்ளைத் தாளில் செடியைத் தனியாக எடுத்து வைத்தார், நோர்த் காட்டையும் வானத்தையும் சேர்த்து வைத்தார். ஒரே நாட்டுச் செடிகள்தான், வர்ணம் மாறியபோது பார்வையும் மாறியிருக்கிறது. நீங்கள் எதை வாங்குவது என்று யோசிக்கும்போது இதையும் யோசியுங்கள், உங்களுக்குப் பூ மட்டும் வேண்டுமா, பூ நிற்கும் குளமும் வேண்டுமா?

தாமரை இதழின் அந்த ரோஸ் மாற்றத்துக்கு எண்ணெயைப் போல ஒன்றும் வராது. நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும், மெல்ல மெல்லக் கலக்கலாம், பின்னேரம் வந்து திருத்தலாம். காயும்போது நிறமும் பெரிதாக மாறாது.

இனித் தடைகள். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய சில நாளிலிருந்து இரண்டு கிழமை எடுக்கும், வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அந்த நாட்களில் சோளகப் புழுதி அதில் படியும், மாரியென்றால் விளக்குக்கு வரும் பூச்சிகள் ஒட்டும். தனி அறை இல்லாத வீட்டில், சின்னப் பிள்ளைகள் திரியும் இடத்தில், டர்பன்டைன் மணத்தோடு வேலை செய்வது நல்லதில்லை. அதைவிட ஆபத்தானது, ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போடுவது. எண்ணெய் காயும்போது தானாகச் சூடாகும், குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம், எங்கள் வெயிலில் இது விளையாட்டில்லை. தண்ணீர் உள்ள தகரத்துக்குள் போடுங்கள், அல்லது வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள். குளக்கரைக்குக் கொண்டுபோனால் ஈரப் படத்தோடு திரும்பும் பாடு வேறு, பஸ்ஸில் ஏறவே முடியாது.

வீட்டில் ஒரு அறையும், பொறுமையும், ஒரு படத்தோடு ஒரு மாதம் வாழ மனமும் உள்ளவர் தாராளமாகப் போகலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஒயில் பஸ்டல்

சுருக்கமாகவே போதும். தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், காயும்வரை காத்திருக்க வேண்டாம், விலையும் குறைவு, பெரும்பாலான புத்தகக் கடைகளில் கிடைக்கும். கடதாசிப்பூவின் கொத்து, செவ்வரத்தை போன்ற பெரிய பூக்களுக்கு நல்ல துணிச்சலான நிறம் தரும். ஆனால் அது ஒருபோதும் முழுக்கக் காயாது. வெயிலில் மெழுகு இளகிக் கையிலும் அடுத்த தாளிலும் பூசும், காயாப்பூ போன்ற பொடிப் பூவுக்கு நுனி போதாது. வெளியே கொண்டுபோனால் பெட்டியை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

## நிறம் நிற்குமா என்பது பற்றி

எந்த வகையை எடுத்தாலும் இது பொதுவானது. டச்சு ஓவியர் வான்கோ 1890இல் ரோசாப்பூக்களை வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு, அவருடைய கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். இன்று அந்தப் படங்களில் பூக்கள் ஏறக்குறைய வெள்ளை. அவர் பாவித்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிவிட்டது. எண்ணெய் வர்ணம்தான், விலை கொடுத்து வாங்கியதுதான், ஆனாலும் நிறப்பொடி நிற்கவில்லை.

பூ வரைகிறவருக்கு இந்தப் பிரச்சினை மற்றவர்களைவிடக் கூட, ஏனென்றால் மங்கிப்போகும் நிறங்கள் பெரும்பாலும் ரோஸ், ஊதா, பளீர்ச் சிவப்பு, எங்களுக்குத் தேவைப்படும் அதே நிறங்கள். குழாயைத் திருப்பிப் பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள், எந்த நிறப்பொடி என்ற குறியீடு அதில் ஆங்கிலத்தில் இருக்கும். பிஆர் 83 (PR 83) என்று போட்ட அலிசரின் கிரிம்சன் மங்கும். பிவி 19 (PV 19) என்று போட்ட குவினாக்ரிடோன் ரோஸ் நிற்கும், கடதாசிப்பூவுக்கும் தாமரைக்கும் அது ஒன்றே போதும், பெட்டியில் வரும் சிவப்பையும் நீலத்தையும் எவ்வளவு கலந்தாலும் அந்த நிறம் வராது. காயாப்பூவுக்கும் நீல அல்லிக்கும் பிபி 29 (PB 29) என்ற அல்ட்ராமரின் நீலம், அதில் இந்த ரோஸ் ஒரு துளி. பளபளவென்று ஒளிரும் ரோஸ் நிறங்களைத் தொடவே வேண்டாம், சாயம் சேர்த்தது, கெதியில் போய்விடும். 24 நிறப் பெட்டி வாங்குவதைவிட ஆறு நல்ல குழாய் மேல்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்து வந்து பார்த்து வரைகிறவர்களுக்கும் ஒரு சொல். முள்முருக்கு, கார்த்திகைப்பூ போன்ற கடும் சிவப்பைக் கமரா ஒரே அப்பலாக்கிவிடும், இதழுக்குள் இருக்கும் நிழல் தெரியாது. வடிவத்துக்குப் படம் எடுங்கள், நிறத்தை அங்கேயே ஒரு துண்டுக் கடதாசியில் தொட்டு எடுத்து வாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | நீர்வர்ணம் | போஸ்டர், குவாஷ் | அக்ரிலிக் | எண்ணெய் | ஒயில் பஸ்டல் |
|---|---|---|---|---|---|
| குளக்கரையில் ஒரே காலையில் முடியுமா | முடியும் | முடியும் | சிறிய படம் முடியும் | கடினம் | முடியும் |
| வெயில் காலம் | காலை ஒன்பது வரை | நல்லது | நல்லது, தட்டை ஈரமாக வைத்தால் | புழுதி | இளகும் |
| மாரி | வரைய நல்லது, பூஞ்சணம் கவனம் | மெல்லக் காயும் | நல்லது | பூச்சியும் ஈரமும் | நல்லது |
| பொருந்தும் பூ | கார்த்திகைப்பூ, அல்லி | கொன்றை, தாமரை | முள்முருக்கு, கொன்றை | தாமரை | செவ்வரத்தை, கடதாசிப்பூ |
| தெரியாமல் வரும் செலவு | கடதாசி, கண்ணாடி | கண்ணாடி | கெட்டுப்போகும் தூரிகை | கன்வஸ், எண்ணெய், தனி அறை | கண்ணாடி |

## அப்ப யாருக்கு எது

முள்ளியவளை அக்காவுக்கு நான் சொன்னது நீர்வர்ணமும் ஒரு குழாய் வெள்ளைக் குவாஷும். முற்றத்துப் பூ எங்கேயும் ஓடாது, விடியத் தேத்தண்ணி குடித்துவிட்டு நிழலில் இருந்து வரையலாம், விட்டுவைக்க மறந்த வெள்ளையை அந்தக் குவாஷ் காப்பாற்றும். தொடக்கத்தில் நல்ல கடதாசியைத் தபால் அட்டை அளவுக்கு வெட்டிக்கொள்ளச் சொன்னேன், ஒரு தாளில் எட்டுப் படம் வரும், பயமில்லாமல் பிழை விடலாம்.

துணுக்காய் ரீச்சருக்குப் போஸ்டர் கலர். முதன்மை நிறம் மூன்று, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து பெரிய போத்தல் வாங்கி, பிள்ளைகளுக்குப் பழைய மூடிகளில் ஊற்றிக் கொடுக்கலாம், பெட்டி பெட்டியாக வாங்குவதைவிட மலிவு, நிறம் கலக்கவும் பழகுவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் நல்ல படத்தையும் சுவரில் வெயில் படும் இடத்தில் ஒட்டாமல் கோப்பில் வையுங்கள் ரீச்சர். கூட்டிப்போகும்போது நடமாட்டம் உள்ள கட்டிலேயே இருங்கள், ஓரத்துப் பற்றைக்குள் இறங்க விடாதீர்கள், சில குளங்களில் முதலை இருக்கிறது, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. யானை வரும் பகுதியென்றால் பின்னேரம் வேண்டவே வேண்டாம், காலைதான்.

வவுனியாத் தம்பிக்கு அக்ரிலிக் என்று சொன்னேன், அவருக்கு அது முழுத் திருப்தியில்லை, எண்ணெய்தான் பெரிய கலைஞர்களின் வர்ணம் என்று மனதில் இருக்கிறது. ஆனால் அவர் இருப்பது வாடகை அறை, இன்னும் இரண்டு பேரோடு. கொன்றை பூப்பது அந்தக் கொஞ்ச நாள்தான், அதற்குள் மரத்தடியில் சின்னச் சின்னக் குவாஷ் குறிப்புகளாகப் பத்துப் பதினைந்து எடுத்துவிட்டு, நிறத்தையும் அதிலேயே தொட்டுவைத்துவிட்டு, பெரிய படத்தை அறையில் அக்ரிலிக்கில் ஆறுதலாகச் செய்யலாம். மழை வந்து பூ உதிர்ந்த பிறகும் படம் நடந்துகொண்டிருக்கும். தனியறை கிடைக்கும் காலத்தில் எண்ணெய்க்குப் போகட்டும், அக்ரிலிக் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அதற்கு மேல் எண்ணெயில் வரைய முடியும், மறுபக்கமாகத்தான் முடியாது.